சந்தனம் வைத்த சைரன்

மரக்காணம் உப்பளங்களில் பூட்டை உடைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பூட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான். உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் அவ்வளவு பிரியம். புதுப் பூட்டு ஒன்றை வாங்கி மாட்டினால், கொஞ்ச நாளிலேயே சாவியை வாயில் வாங்கிக்கொண்டு திரும்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும். எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், கெஞ்சிப் பார்ப்பார்கள், கடைசியில் கடப்பாரையை எடுப்பார்கள். திருடனும் இதையேதான் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு யார் திருடன், யார் முதலாளி என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

இந்த ஞானமெல்லாம் இப்போது வந்தது. 2005-ஆம் வருடம் என்னிடம் இருந்தவை ஒரு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ (இரண்டு பாடம் அரியர்), புதுச்சேரியில் திருட்டு அலாரம் விற்கிற கடையொன்றில் கமிஷன் வேலை, கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட ஒரு டை. மூன்றில் அதிகம் உழைத்தது டைதான். கிழக்குக் கடற்கரைச் சாலை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவேன். குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா என் விளக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, டீயும் கொடுத்து, "எங்க வீட்டில் திருட என்ன இருக்குது?" என்று நல்ல தமிழில் திருப்பிக் கேட்டார். நானும் சுற்றிப் பார்த்தேன். ஒரு பாயும் ஒரு மண்பானையும் இருந்தன. அவர் சொன்னது நியாயம் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன். விற்பனைப் பிரதிநிதி செய்யக்கூடாத காரியம் அது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் தேசிங்கு மாமாவின் மோட்டார் திருடு போனது.

தேசிங்கு மாமா என் அம்மாவின் தம்பி. மரக்காணத்தில் உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே பெண், மலர். நானும் அவளும் பால்வாடியில் படிக்கிற காலத்திலிருந்தே சொந்தக்காரர்கள் எல்லோரும் "ரகுவுக்கு மலர்" என்று சொல்லி வந்தார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இருந்ததே இல்லை. அவளுக்கும் இல்லை என்று நம்புவதற்குச் சில ஆதாரங்கள் என்னிடம் இருந்தன. சொல்லாமல் இருந்தவர் மாமா ஒருவர்தான். அந்த வருடம் திண்டிவனத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. உரக்கடை வைத்திருக்கிற பையன். "சொந்தக் கடை, ஷட்டர் போட்டது" என்று மாமா சொல்லும்போது அவர் குரலில் ஒரு குழைவு வரும். ஷட்டர் என்றால் அவருக்கு அவ்வளவு மரியாதை. என்னிடம் ஷட்டரும் இல்லை, கடையும் இல்லை.

அதற்கு முந்தின டிசம்பரில்தான் கடல் உள்ளே வந்திருந்தது. அது வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா லாரி விஷயமாகத் திண்டிவனம் போயிருந்தார். மலரும் ஊரில் இல்லை. வீட்டில் இருந்தது அத்தை மட்டும். அத்தைக்கு முழங்காலில் நீர் கோத்து, நாலு அடி வைத்தால் நாற்பது தடவை "அப்பா" என்பார். கால்வாயைத் தாண்டி வந்த தண்ணீர் பாத்திகளையும் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பையும் வாரிக்கொண்டு போய், இவர்கள் தெருவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார். கிழக்கே குப்பத்தில் போன உயிர்களை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை. யார் வந்து துக்கம் விசாரித்தாலும் அத்தையைக் காட்டிச் சொல்வார்:

"நான் மட்டும் அன்னிக்கு வூட்டுல இருந்திருந்தா இவள ஒத்தக் கையால தூக்கிக்கினு ஓடியிருப்பேன்."

"ஆமா, ஒத்தக் கையாலதான்" என்று அத்தை வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருப்பார்.

பாத்திகளை மறுபடி கட்டி, புது மோட்டார் போட்டு, உப்பு விளைகிற நேரத்தில் யாரோ கொட்டகைக் கதவின் கீலைப் பெயர்த்து உள்ளே போய், மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பியை எல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து பூட்டு போட்ட கதவு அது. பூட்டு ஐந்தும் அப்படியே இருந்தன, கதவுதான் இல்லை. அன்றிலிருந்து மாமாவின் கண்ணுக்கு ஊரே திருடர்களாகத் தெரிந்தது. பாத்தியில் வேலை செய்கிறவர்களைச் சந்தேகப்பட்டார். குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற கன்னியம்மாவைக்கூட வாசலோடு நிறுத்தினார். அந்த அம்மாள் கடல் வந்த நாளில் மூத்த பையனைப் பறிகொடுத்தவர்.

நான் பார்க்கப் போயிருந்தபோது மாமா கேட்டார்:

"ஏம்பா ரகு, ஊர் ஊராப் போயி திருடன் மணி விக்கிறியாமே. மாமன் கொட்டாயில பூந்து மோட்டாரக் கழட்டிக்கினு போயிட்டான். உன் மணி எங்கப்பா போச்சு?"

"ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா, நாளைக்கே மாட்டிடறேன்."

"மாட்டு. அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாப்போம். அப்புறம் மத்ததப் பேசலாம்."

அந்த 'மத்தது' உள் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்தது. எனக்கு அது போதும்.

எங்கள் கடையில் விற்ற அலாரம் ஒரு சோப்பு டப்பா அளவு இருக்கும். திருடன் கதவைத் திறந்தால் 'கீ' என்று கத்தும். கொட்டகை பாத்திகளுக்கு நடுவில் இருக்கிறது, வீடு தெருவில் இருக்கிறது, நடுவில் ஒரு மைலுக்குக் குறையாமல் வெட்டவெளி. கடல் காற்று வேறு. சோப்பு டப்பாவின் சத்தம் அங்கே திருடனுக்கே கேட்காது. எனவே நான் புதுச்சேரியில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போய், ஏதோ ஒரு வண்டியில் ஒருகாலத்தில் பொருத்தியிருந்த மோட்டார் சைரன் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெரிய பூசணிக்காய் அளவு. கடைக்காரர் பாட்டரியில் கம்பியைத் தொட்டுக் காட்டியபோது, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே போட்டார். நான் அந்த இடத்திலேயே அதன்மேல் காதல்கொண்டேன்.

ஒரு சைரனை எப்படி ஊத வைப்பது என்பதில் என் படிப்பு முழுவதையும் கொட்டினேன். கதவில் காந்த ஸ்விட்ச். திருடன் கரண்டை வெட்டினாலும் நிற்காதபடி லாரி பாட்டரி, அதுவும் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள். சைரனைக் கழற்ற முடியாதபடி திருடன் கைக்கு எட்டாத உயரத்தில், கூரைக்குக் கீழே, கம்பிக் கூண்டுக்குள் வைத்து வெல்டிங். கதவை ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு மூடினாலும் ஊதிக்கொண்டே இருக்கும். நிறுத்த ஒரே வழி, சுவரில் நான் பதித்த சின்னப் பெட்டியில் சாவியைப் போட்டுத் திருப்புவது. ஆக, அதை யாராலும் நிறுத்த முடியாது என்பதை நான் நூறு சதவீதம் உறுதி செய்திருந்தேன். அந்த 'யாராலும்' என்ற வார்த்தைக்குள் நானும் அடக்கம் என்று தோன்றவில்லை.

மாட்டி முடித்தது ஆடி மாதம். மாமா, "ஆடி கழியட்டும், ஆவணியில நல்ல நாள் பாத்து ஆரம்பிக்கலாம்" என்றார். உப்புக் காற்றுக்கு ஆடி, ஆவணி என்ற கணக்கெல்லாம் கிடையாது. அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையில் பூஜை. மாமா, அத்தை, மலர், நான். வேறு யாருக்கும் சொல்லவில்லை. அத்தையை டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார வைத்து, வரப்பில் உருட்டிக்கொண்டே வந்து சேர்த்திருந்தோம். வண்டியை விட்டு இறங்கினதும் அத்தை கேட்டார்:

"ஏம்பா, பெரிய சத்தம் வரும்னு சொல்றியே. அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பாய்ந்தார். "நல்லா இருக்குதே! திருடனுக்கு வெத்தல பாக்கு வெச்சு சொல்லிட்டு வரச் சொல்றியா? அவனுங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான இவ்ளோ பாடு!"

எனக்கு மாமாவின் வாதம் சரியாகவே பட்டது. வருங்கால மாமனாரின் வாதம் எல்லோருக்கும் சரியாகத்தான் படும்.

படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். அந்த டிசம்பருக்குப் பிறகு எங்கள் கரையில் எத்தனை முறை ஓடினோம் என்று கணக்கே இல்லை. ரேடியோவில் சொன்னார்கள் என்று ஒருமுறை ஓடினோம். கலெக்டர் ஆபீஸில் யாரோ சொன்னதாக இன்னொருமுறை. நாய்கள் குரைக்காமல் படுத்திருக்கின்றன என்பதற்காகக்கூட ஒருமுறை ஊர் காலியானது. எங்கள் ஊரான பொம்மையார்பாளையத்தில் அம்மா தூங்கும்போதும் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வாசலைப் பார்த்து வைத்திருந்தார். இதையெல்லாம் நானும் பார்த்தவன், நானும் ஓடியவன். இருந்தும் எனக்குப் புரியவில்லை. அன்று காலை என் மண்டை முழுக்க மலர் கட்டியிருந்த மாம்பழக் கலர் புடவைதான் இருந்தது.

மாமா சூடம் கொளுத்தினார். தேங்காய் உடைத்தார். நன்றாக வெண்மையாக உடைந்தது, நல்ல சகுனம் என்றார். எந்த மெஷினாக இருந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடங்குகிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. குழைத்த சந்தனத்தை விரல் நிறைய எடுத்து, கதவுக்கு ஒன்று, பாட்டரிப் பெட்டிக்கு ஒன்று வைத்தார். பிறகு சுவரிலிருந்த சாவிப் பெட்டியின் முன்னால் நின்று கொஞ்சம் யோசித்தார்.

"இதுக்கு நெத்தி எங்கடா?"

"எங்க வேணா வைங்க மாமா."

அந்தப் பெட்டியில் நடுவாக, வட்டமாக, நெற்றி மாதிரி இருந்தது ஒரே இடம்தான். சாவித் துவாரம். மாமா அங்கே சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அப்பி, மேலே ஒரு குங்குமப் பொட்டும் வைத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். நானே கும்பிட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

"ம், தொற" என்றார் மாமா.

டையைச் சரிசெய்துகொண்டு, மலரை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவைத் திறந்தேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. முதலில் ஒரு உறுமல், பிறகு அது ஏறி ஏறி, ஏறுவதற்கு இனி இடமில்லை என்ற இடத்தில் போய் நின்றுகொண்டது. பாத்திகளில் மேய்ந்த கொக்குகள் ஒட்டுமொத்தமாக எழுந்தன. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பரவசத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். திண்டிவனத்து ஷட்டர் கீழே இறங்குவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

"போதும், நிறுத்துடா!"

சாவியை எடுத்தேன். சாவி துவாரத்துக்குள் போகவில்லை. சந்தனத்தைத் துடைத்தேன். வெளியே இருந்தது வந்தது, உள்ளே போனது போனதுதான். தீக்குச்சியால் நோண்டினேன், குச்சி உள்ளேயே முறிந்தது. ஊசி கேட்டேன். மலர் புடவையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதை உள்ளே விட்டு நோண்டியபோது வந்தது பச்சைத் துரு. ஆடி மாதம் முழுக்க உப்புக் காற்று செய்து வைத்திருந்த வேலை அது. சந்தனம் இல்லாமல் இருந்தாலும் அந்தச் சாவி திரும்பியிருக்காது என்று பிற்பாடு மாமாவிடம் பலமுறை சொல்லி ஆறுதல்படுத்தியிருக்கிறேன்.

அப்போதுதான் மலர் கிழக்கே கை காட்டினாள்.

குப்பத்திலிருந்து ஜனங்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கால்வாய்ப் பாலத்தின்மேல் பெண்கள், இடுப்பில் குழந்தைகள், சட்டை போடாத ஆண்கள். எல்லோரும் மேற்கே ரோட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்துப் பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகைகளை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் ஏறி ஓடினார்கள். தெருப் பக்கமும் கூச்சல் கேட்டது. யாரோ எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனார்:

"இன்னா நின்னுக்கினு இருக்கீங்க! கடலு வருது, ஓடுங்க!"

இனி நடந்ததை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அந்தச் சைரன் ஏன் ஊதுகிறது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். அதை வாங்கினவன், மாட்டினவன், கதவைத் திறந்தவன். அதற்குத் தேங்காய் உடைத்தவர் மாமா. ஆனால் அவ்வளவு பேர் அப்படி ஒரு முகத்தோடு ஓடி வருவதைப் பார்த்தபோது, மனசு வேறு ஒரு கணக்குப் போட்டது. சைரன் நம்முடையதுதான். ஆனால் கடலும் வந்தால்? இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கக் கூடாதா என்ன? இத்தனை பேருமா தப்பாக ஓடுவார்கள்? பயத்தை ஒருமுறை உடம்பு கற்றுக்கொண்டுவிட்டால் அதற்குப் பிறகு அது மூளையிடம் அனுமதி கேட்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"டேய், ஓடுங்கடா!" என்றார் மாமா. ஓடினார்.

நானும் ஓடினேன். என் சைரனுக்குப் பயந்து நானே ஓடினேன். வழுக்குகிற வரப்பில், டை முகத்தில் அறைய அறைய, திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் அப்படி ஓடியிருந்தால் ஒரு சோப்பு டப்பாவாவது பரிசாகக் கிடைத்திருக்கும்.

ரோடு மேடான இடம். ஊரே அங்கே நின்றது. ஒருவர் குக்கர் மூடியைப் பிடித்திருந்தார். ஒரு பெண் இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள், இரண்டும் பக்கத்து வீட்டினுடையவை. எந்த வீட்டையும் யாரும் பூட்டிவிட்டு வரவில்லை. எல்லோரும் மூச்சு வாங்கியபடி கிழக்கே பார்த்தார்கள். கடல் நீலமாக, தட்டையாக, தன் பாட்டுக்குக் கிடந்தது. சைரன் மட்டும் நிற்கவே இல்லை.

"கவர்மென்ட்டுல புதுசா வெச்சிருக்காங்க போல. நல்ல சத்தம்" என்றார் ஒரு பெரியவர்.

"அன்னிக்கே இத வெச்சிருந்தா..." என்று ஆரம்பித்த ஒருவர் முடிக்கவில்லை. நான் டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் பக்கத்தில் யாரோ இரைக்க இரைக்க நிற்பது தெரிந்து திரும்பினேன். மலர். பின்னல் அவிழ்ந்து, புடவை முழங்கால்வரை சேறாக. நான் வருவதற்கு முன்பே அவள் அங்கே நின்றிருக்கிறாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே விஷயம் உறைத்தது. மாமாவுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"உங்கத்தை எங்கடா?"

அவர் கேட்ட மாத்திரத்தில் சைரன் நின்றது.

நல்ல செய்திதானே என்று நீங்கள் நினைக்கலாம். யாராலும் நிறுத்த முடியாதது நின்றுவிட்டது, அதன் பக்கத்தில் இருந்தது அத்தை மட்டும். மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஐயோ சரோஜா" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. வந்த வழியே மூன்று பேரும் ஓடினோம். கடல் வந்தாலும் வரட்டும் என்று இந்த முறை ஓடினோம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கடலைப் பற்றி நினைவே இல்லை.

அத்தை கொட்டகை வாசலில், கவிழ்த்த கூடையின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து, பூஜைக்குக் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உப்பு வாருகிற பலகை, அதன் நீண்ட மூங்கில் கழியோடு கிடந்தது. கூண்டிலிருந்து ஒயர்கள் குடல் மாதிரி தொங்கின. திருடன் கைக்கு எட்டாத உயரம் அது. உப்பு வாருகிற பலகைக்கு எட்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. அத்தை அதை ஒயரில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார். இழுத்த பிறகும் ஆத்திரம் தீராமல் கூண்டை நாலு சாத்து சாத்தியிருக்கிறார். அந்தக் கொட்டகைக்கு அதுவரை நேர்ந்த சேதங்களிலேயே பெரியது அதுதான்.

அத்தை மாமாவை மேலும் கீழும் பார்த்தார். மாமாவின் வலது கையில் பூஜையில் உடைத்த தேங்காயின் ஒரு மூடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேதான் போயிருக்கிறார், அதைப் பிடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பரவால்ல" என்றார் அத்தை. "ஒத்தக் கையால தேங்கா மூடியாவது தூக்கிக்கினு ஓடினீங்களே."

மலர்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதாள். மாமா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்தார். அதற்குள் விஷயம் பரவி, வீட்டு வாசலில் கூட்டம் நின்றது.

"எதுக்குய்யா சைரன்?"

"திருடன் வந்தா தெரியறதுக்கு சார்" என்றேன்.

"வந்தானா?"

"இல்ல சார்."

"ஊரே வூட்டத் தொறந்து போட்டுட்டு ஓடிச்சே. அப்பகூட வரலியா?"

"ஒரு சாமானும் போகல சார்."

ஏட்டு கொஞ்சம் யோசித்தார். "அவனும் ஓடியிருப்பான்" என்றார்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பால்தான் நான் அடி வாங்காமல் தப்பினேன். ஆனால் ஒரு இடத்தில் சிரிப்பு செல்லவில்லை. சாயங்காலம் குப்பத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வரச் சொன்னார் அத்தை. மாமாவும் நானும் போனோம். பெரியவர்கள் திட்டினார்கள், கேட்டுக்கொண்டோம். கன்னியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பையனை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை, மடியில் உட்காருகிற வயதைத் தாண்டியவன். காலையிலிருந்து அவனைக் கீழே விடவில்லையாம்.

மாமா கும்பிட்டார். "கன்னிம்மா, திருட்டுப் பயம். கொட்டாய்க்குக் காவலுக்குத்தான்மா வெச்சேன்."

கன்னியம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட இருந்தத எடுத்துக்கினு போனவன் பூட்ட ஒடச்சிக்கினா வந்தான் சாமி?" என்றார்.

மறுநாளிலிருந்து மாமா கன்னியம்மாவை வாசலில் நிறுத்தவில்லை. அந்த அம்மாள் கூடையோடு உள்ளே வந்து அத்தையோடு உட்கார்ந்து மீன் அலசுவார். மாமா யாரையும் சந்தேகப்படுவதை விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய். அதிகாலையில் எழுந்து கொட்டகையைப் பார்க்கப் போகிறவர்தான் இன்றும். ஆனால் அந்த 'ஒத்தக் கை' வசனத்தை அதன்பிறகு அவர் சொல்லவே இல்லை.

என் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சொந்த மாமன் ஊரையே ஓட விட்டவன், அதுவும் மாமன் மகளை அம்போவென்று விட்டுவிட்டுத் தானும் ஓடினவன். எந்த முகத்தோடு பெண் கேட்பது? பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் பக்கமே தலைகாட்டவில்லை. சாப்பிடும்போதெல்லாம் திண்டிவனத்து உரக்கடைக்காரன் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் காதில் கேட்டது. அம்மா சமாதானம் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே அழுதேன்.

பிறகு நடந்ததை மலர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திண்டிவனத்துக்காரர்கள் முடிவு கேட்டு வந்து போன அன்று, அத்தை மாமாவிடம் சொல்லியிருக்கிறார்:

"அவங்களுக்கு இல்லன்னு சொல்லிடுங்க. மலர ரகுவுக்கே குடுத்துடலாம்."

"ஏன்டி, உன்னையும் அவளையும் வுட்டுட்டு ஓடினவன்டி அவன்!"

"இந்த வூட்டுல யாரு ஓடல? திண்டிவனத்துப் புள்ள ஓடலன்னா அவங்க ஊருல கடல் இல்ல, அதனால ஓடல. ஓட வேண்டிய நாள் வந்தா அவன் இன்னா பண்ணுவான்னு நமக்கு இன்னா தெரியும்? இவன் ஓடினத நாம பாத்துட்டோம். பாத்த ஆளு தேவலாம்."

தை மாதம் கல்யாணம் நடந்தது.

இன்று புதுச்சேரியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். காமிரா, பூட்டு, அலாரம் எல்லாம் விற்கிறோம். கடலோர ஊர்களில் சைரன் மாட்டுவதில்லை. வீட்டுக்காரர் படுக்கை அறையில் மட்டும் கேட்கிற ஒரு மணி, வெளியே ஒரு விளக்கு, அவ்வளவுதான். அதையும் மாட்டுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். திருடனுக்கும் தெரிந்துவிடுமே என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். தெரியட்டும் என்பேன்.

கல்யாணம், காதுகுத்து என்று குடும்பம் கூடுகிற இடங்களில் நான் உள்ளே நுழைந்ததுமே யாராவது ஒருவர், "மாப்ள வந்துட்டாரு, செருப்பக் கைக்கெட்டுற தூரத்துல வைங்க" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு வழக்கு நடக்கும். "அன்னிக்கு என்னை வுட்டுட்டு ஓடினாரு" என்பாள் மலர். "நான் போகும்போது நீ முன்னாடியே அங்க நின்னுக்கினு இருந்த, யாரு யாரை வுட்டுட்டு ஓடினது?" என்பேன் நான். இரண்டு கட்சிக்கும் ஆள் சேரும். எங்கள் பிள்ளைகள் அம்மா பக்கம். கடைசியில் எல்லோரும் அத்தையிடம் போவார்கள், அங்கேயே இருந்து பார்த்த ஒரே சாட்சி அவர்தானே.

"யாரு முன்னாடி ஓடினாங்கன்னு எனக்கு எப்பிடிடா தெரியும்?" என்பார் அத்தை. "நான் பாத்தது மூணு முதுவு."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் மலரும்கூட. மாமா மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து, அத்தைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போவார்.